மண் வேண்டாத பச்சை

திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், துணி ஊறவைக்க வாங்கிய பிளாஸ்டிக் டப்புகள் நாலைந்து கிடக்கின்றன. இப்போது அவற்றில் துணி ஊறுவதில்லை. ஒன்றில் அசோலா. ஒன்றில் கடுகைவிடச் சற்றே பெரிய இலையோடு மிதக்கும் லெம்னா. ஓரமாக, கொசுவலைத் துணியால் வாய்கட்டிய பழைய மீன்தொட்டி ஒன்று. அதற்குள் இருக்கும் செடி வெளியே போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தக் கட்டு. அதன் கதையைப் பிறகு சொல்கிறேன்.

நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த அம்மா ஒருநாள் துணி காயப்போட மாடி ஏறினாள். "என்னலே இது, கொளத்துல சும்மா கெடக்கதயெல்லாம் கொண்டாந்து தொட்டியில வச்சிருக்க?" என்றாள். குனிந்து ஒரு கை அசோலாவை அள்ளிப் பார்த்தாள். மயிர்போல வேர்கள் தொங்கின. "இதுக்கு மண்ணு வேண்டாமா? பின்ன எதத் திங்கும்?"

நல்ல கேள்வி. மிதக்கும் செடி வளர்ப்பில் தெரிந்துகொள்ள வேண்டியதில் முக்கால் பங்கு இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

தரையில் நிற்கும் செடிக்குச் செலவு அதிகம். நிமிர்ந்து நிற்கத் தண்டு வேண்டும், தண்டுக்கு நார் வேண்டும், தண்ணீர் தேடி வேர் மண்ணைக் குடைய வேண்டும், பக்கத்துச் செடியை முந்தி வெயிலைப் பிடிக்க வேண்டும். மிதக்கும் செடிக்கு இந்தச் செலவு எதுவும் கிடையாது. தண்ணீரே தாங்குகிறது. தலைக்கு மேல் வெயில், இலையைத் தொட்டபடி காற்று, காலுக்குக் கீழே கரைந்த சோறு. சம்பாதித்ததையெல்லாம் மறுபடியும் இலையாகவே போட்டுவிடலாம். அதனால்தான் லெம்னா போன்றவை நல்ல நீரில் இரண்டு மூன்று நாளில் இரட்டிப்பாகின்றன. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. தென்னைமரம் ஒரு கோடையை மண்ணிலும் தண்டிலும் இருக்கும் கையிருப்பை வைத்து ஓட்டிவிடும். மிதக்கும் செடி அன்றாடங்காய்ச்சி. தண்ணீரில் என்ன கரைந்திருக்கிறதோ அதுதான் அதன் இன்றைய சாப்பாடு. தண்ணீரில் உப்பு ஏறினாலும் உரம் குறைந்தாலும் ஒரே வாரத்தில் அது முகத்தில் காட்டிவிடும்.

அசோலாவை எடுத்துக்கொள்வோம். இது பூக்காத செடி, பெரணி இனம். விரல்நகம் அளவுச் செடியில் மீன்செதில்போல இலைகள் அடுக்கியிருக்கும். ஒவ்வோர் இலையும் இரண்டு மடல். கீழ்மடல் மெல்லியது, நிறமற்றது, தண்ணீரில் படிந்து கிடப்பது. மேல்மடல் தடித்தது, பச்சை. அந்த மேல்மடலுக்குள் ஒரு சிறு குழி உண்டு. அதில் நீலப்பச்சைப் பாசி ஒன்று குடியிருக்கிறது. அனபீனா என்று படித்திருப்போம். காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுப்பது அதன் வேலை. குடக்கூலிக்குப் பதில் தழைச்சத்து. எனவே அசோலாவுக்கு யூரியா வேண்டாம். அதற்குப் பற்றாமல் போவது மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ். அதைக் காற்றிலிருந்து பிடிக்க எந்த உயிராலும் முடியாது.

நம் ஊர்ப்பக்கம் அசோலாவைத் தீவனமாகத் தொட்டியில் வளர்க்கும் முறையைப் பரப்பியதில் கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் இயற்கைவள மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அவர்கள் சொல்லிக்கொடுத்த கணக்கு இது: இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர், 20 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு குழி. அதில் சில்பாலின் ஷீட் விரித்து, சலித்த மண் 10 முதல் 15 கிலோ. 2 கிலோ சாணியும் 30 கிராம் சூப்பர் பாஸ்பேட்டும் பத்து லிட்டர் தண்ணீரில் கரைத்து ஊற்ற வேண்டும். பிறகு 10 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பி, அரைக்கிலோ முதல் ஒரு கிலோ வரை அசோலாவைத் தூவிவிட்டால், பத்துப் பதினைந்து நாளில் குழி நிறைந்துவிடும். அதன்பின் தினம் அரைக்கிலோவுக்குக் குறையாமல் அள்ளலாம். ஐந்து நாளுக்கு ஒருமுறை 20 கிராம் சூப்பர் பாஸ்பேட்டும் ஒரு கிலோ சாணியும்.

மண் போடுகிறார்களே என்று அம்மா கேட்டிருப்பாள். போடுகிறார்கள்தான். வேர் ஊன்றுவதற்காக அல்ல, கரைவதற்காக. இரும்பும் சுண்ணாம்பும் மற்ற நுண்சத்துகளும் அந்த மண்ணிலிருந்து மெல்ல நீரில் இறங்கும். மாடி டப்பில் நான் கைப்பிடி மண்ணோடு நிறுத்திக்கொள்கிறேன். சாணிக்குப் பதில் மீன்தொட்டி கழுவிய தண்ணீர். அருவிக்கரை அணையிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரை ஒருநாள் வெயிலில் வைத்துக் குளோரின் போனபிறகுதான் ஊற்றுவேன்.

முதல் வருஷம் மார்ச் மாதத்தில் என் அசோலா முழுக்கச் செம்பு நிறமாகிவிட்டது. பார்க்க அழகாக இருந்ததால் இரண்டு வாரம் ரசித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் வாரம் நாற்றம் வந்தது. சிவப்பு என்பது அசோலா கொடுக்கும் புகார் மனு. கடும் வெயில் பட்டாலும் அந்தோசயனின் என்ற சிவப்புச் சாயத்தைப் போர்த்திக்கொள்ளும், மணிச்சத்து குறைந்தாலும் போர்த்திக்கொள்ளும். இரண்டையும் பிரித்தறிய ஒரு செடியைத் தூக்கி வேரைப் பார்க்க வேண்டும். செடி சிறுத்து, வேர் மட்டும் வழக்கத்தைவிட நீண்டு தொங்கினால் பசி. எட்டாத சோற்றை எட்டிப் பிடிக்கப் பார்க்கிறது. வேர் வழக்கம்போல இருந்து மேற்பரப்பு மட்டும் சிவந்திருந்தால் வெயில். ஒரு பச்சை நிழல்வலையைக் கட்டினால் பத்து நாளில் தெளிந்துவிடும். நீரின் சூடு 35 டிகிரியைத் தாண்டினால் எந்த உரமும் உதவாது. என் டப்பு கறுப்பு நிறம். வெயிலை உறிஞ்சி வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தது. வெளியே வெள்ளையடித்தேன்.

அந்த முதல் தோல்விக்கு இன்னொரு காரணமும் உண்டு: அள்ளாமல் விட்டது. புதிதாக வளர்ப்பவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு இது. டப்பு பச்சைப் பசேலென்று நிறைந்ததும் மனசு நிறைந்து, கை வைக்க மனம் வராது. ஆனால் நிறைந்த நாளிலிருந்து அழுகல் தொடங்குகிறது. ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், அடியில் மாட்டிக்கொண்டது வெளிச்சமில்லாமல் சாகும், சாகும்போது நீரிலுள்ள உயிர்க்காற்றையும் தின்றுவிட்டுப் போகும். வாரம் ஒருமுறை பாதியை அள்ளிவிட வேண்டும். பாதி என்றால் உண்மையாகவே பாதி. பக்கத்து வீட்டுச் சேச்சி கோழி வளர்க்கிறார். மதில் மேல் பக்கெட்டை வைத்தால், "சாரே, பாயல் உண்டோ?" என்று அவரே வந்து எடுத்துக்கொள்கிறார். (மிதக்கும் பச்சைக்கு மலையாளத்தில் பாயல் என்று பெயர்.) கோழிகள் முதல் இரண்டு நாள் சந்தேகமாகப் பார்த்தன. இப்போது பக்கெட்டின் சத்தம் கேட்டாலே ஓடிவருகின்றன. கொடுக்கும் முன் நல்ல தண்ணீரில் அலசினால் மீன் வாடை போய்விடும்.

இடவப்பாதி மழை தொடங்கியதும் வேறு தொல்லை. ஒரே இரவில் டப்பு வழிந்து, உரமெல்லாம் நீர்த்து, அசோலாவில் பாதி மாடிக் குழாய் வழியே ஓடைக்குப் போய்விடும். டப்பின் விளிம்புக்கு மூன்று விரற்கடை கீழே ஓட்டை போட்டு, அதில் வலைத்துண்டு ஒட்டியபிறகுதான் நிம்மதி. கொசு இன்னொரு கவலை. டெங்கு காலத்தில் சுகாதார ஊழியர்கள் வீடுவீடாக வந்து தேங்கிய தண்ணீரைத் தேடுவார்கள். என் டப்புகளில் மானத்துக்கண்ணி விட்டிருக்கிறேன். நெற்றியில் வெள்ளிப் பொட்டுடன் எப்போதும் மேல்நோக்கியே நீந்துகிற, நம் குளங்களின் சிறு மீன். வானத்தைப் பார்ப்பதால் அந்தப் பெயர். அது பார்ப்பது வானத்தை அல்ல, மேலே மூச்செடுக்க வரும் கொசுப்புழுவை.

கொசு என்றதும் திருவிதாங்கூரின் பழைய வழக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது. ரோஜாப்பூ விரித்ததுபோல மிதக்கும் பிஸ்டியாவை நம் சித்த மருத்துவ நூல்கள் ஆகாயத்தாமரை என்கின்றன. மலையாளத்தில் முட்டப்பாயல். (ஊதாப்பூ பூத்து ஏரிகளை அடைக்கும் வெங்காயத்தாமரைக்கும் தமிழ்நாட்டில் ஆகாயத்தாமரை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இரண்டும் வேறு வேறு குடும்பம்.) சேர்த்தலைப் பக்கத்தில் தென்னைக்குத் தழையுரமாகும் என்று குளங்களில் இதை விரும்பியே வளர்த்தார்கள். அதே சேர்த்தலையில் யானைக்கால் நோய் பெருத்திருந்தது. 1930களில் திருவிதாங்கூரில் இந்த நோயை ஆராய்ந்த பூச்சியியலாளர் எம்.ஓ.டி. ஐயங்கார் இரண்டுக்கும் உள்ள தொடர்பை விளக்கமாகக் காட்டினார். நோயைப் பரப்பும் மன்சோனியா கொசு மற்ற கொசுக்களைப் போல அல்ல. அதன் புழு மூச்சுவாங்க நீர்மட்டத்துக்கு வருவதே இல்லை. மூச்சுக்குழாயின் நுனியிலுள்ள ரம்பத்தால் பிஸ்டியாவின் வேரைக் குத்தி, செடிக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சிக்கொண்டு அடியிலேயே கிடக்கும். முட்டையிடுவதும் இலையின் அடியில்தான். எனவே எண்ணெய் ஊற்றினால் சாகாது. செடியை எடுத்தால்தான் போகும். ஐம்பது வருஷம் கழித்து, 1980களில், புதுச்சேரியிலுள்ள கொசு ஆராய்ச்சி மையம் சேர்த்தலையில் மறுபடியும் அதே வேலையை ஊர்மக்களோடு சேர்ந்து கையில் எடுத்தது. குளத்தைச் சுத்தம் செய்து மீன் வளர்க்கச் சொன்னார்கள். இந்தக் கதை தெரிந்தபிறகு என் மாடியில் பிஸ்டியா கிடையாது. மானத்துக்கண்ணி வேருக்குள் புகுந்து தேடும் என்று நம்ப நான் தயாரில்லை.

இனி, வலைத்துணி கட்டிய மீன்தொட்டி.

அதில் இருப்பது சால்வீனியா மொலெஸ்டா. கேரளத்தில் ஆப்பிரிக்கன் பாயல் என்றால் அறுபது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் தெரியும். பாலராமபுரம் பக்கம் ஒரு வாய்க்கால் ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்ததை ஒரு கைப்பிடி எடுத்துவந்தேன். மோசமான புகழ் உள்ள ஒன்றை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் காரணம்.

அருகில் பார்த்தால் அது ஓர் அதிசயம். தையல்காரர் லென்ஸ் போதும். இலை மேல்பரப்பு முழுக்க ரோமம். ஒவ்வொரு ரோமமும் ஒரு காம்பாக எழும்பி, நாலு கிளையாகப் பிரிந்து, நுனியில் மறுபடி ஒன்றாகச் சேர்கிறது. பேக்கரியில் முட்டை அடிக்கிற கம்பிக் கரண்டியை நட்டுவைத்தது போல. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது இலையைத் தொடாமல் ரோம நுனிகளின் மேல் முத்துபோல நிற்கிறது. இலையை விரலால் நீருக்குள் அமுக்கினால் சட்டென்று வெள்ளித்தகடாகிவிடுகிறது. ரோமங்களுக்கிடையில் சிக்கிய காற்றுதான் அப்படி மின்னுகிறது. விரலை எடுத்தால் துள்ளி மேலே வரும், இலை காய்ந்தபடி இருக்கும்.

இதில் ஒரு சூட்சுமத்தை ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்ஹெல்ம் பார்த்லாட்டும் உடன் வேலை செய்தவர்களும் 2010-ல் வெளியிட்டார்கள். ரோமம் முழுக்க மெழுகு, தண்ணீரை ஒட்டவிடாது. ஆனால் நாலு கிளையும் சேருகிற உச்சியில் இருக்கும் நாலு செத்த செல்களில் மட்டும் மெழுகு கிடையாது. அவை தண்ணீரை விரும்பும். அதனால் நீர்ப்படலம் அந்த நுனிகளில் குண்டூசி குத்தினாற்போல் பிடிபட்டு நிற்கிறது. உள்ளே போகவும் முடியாது, விலகவும் முடியாது. இடையில் காற்று பத்திரம். கப்பலின் அடியில் இப்படி ஒரு காற்றுப்போர்வை போர்த்த முடிந்தால் உராய்வு குறைந்து எரிபொருள் மிச்சமாகும் என்பது அவர்கள் கணக்கு.

இலைக்கு அடியில் வேர்க்கொத்து தொங்குகிறதே என்று பார்த்தால் அதுவும் வேர் அல்ல. இந்தச் செடிக்கு வேரே கிடையாது. ஒவ்வொரு கணுவிலும் மூன்று இலை. இரண்டு மிதக்கும், மூன்றாவது நீருக்குள் இறங்கி நார்நாராகக் கிழிந்து வேரின் வேலையைப் பார்க்கும். அதில் மணிமணியாகக் காய்போலத் தெரிபவை வித்துப்பைகள். எல்லாம் வெறும் பைகள். செடியின் உயிரணுவில் ஐந்து தொகுதியாக 45 குரோமோசோம்கள். ஐந்தைச் சமமாகப் பாதியாக்க முடியாதல்லவா? வித்து பிறக்காது. கணு ஒடிந்து, ஒடிந்த துண்டு தனிச்செடியாகும் ஒரே வழிதான். உலகம் முழுக்க இருப்பது ஏறத்தாழ ஒரே செடியின் துண்டுகள்.

இந்தத் துண்டுகளில் ஒன்று இந்தியாவில் முதன்முதலில் கண்ணில் பட்டது எங்கள் ஊரில்தான். 1955, திருவனந்தபுரம் வேளிக் காயல். அதே காயலுக்குப் பக்கத்து ஊரான தும்பாவிலிருந்து 1963-ல் இந்திய மண்ணின் முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பியது. தும்பா என்ற பெயரே தும்பைச் செடியால் வந்தது என்பார்கள். ராக்கெட்டுக்கு ஊரைக் கொடுத்த தும்பையை எல்லோருக்கும் தெரியும், எட்டு வருஷம் முன்பே பக்கத்தில் வந்து இறங்கிய விருந்தாளியைப் பற்றி வேளிப் படகுத்துறையில் யாரும் எழுதிவைக்கவில்லை. இலங்கைக்கு அது அதற்கும் முன்னால், 1939-லேயே, கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் துறைக்குப் பாடம் நடத்த வந்து, அங்கிருந்து தப்பி வயல்களுக்குப் போயிருந்தது. மாணவர்களுக்குக் காட்ட வைத்திருந்த தொட்டி. என் மீன்தொட்டிக்கு வலைத்துணி கட்டியது இதைப் படித்த அன்று.

பெருக்கத்தை ஒரு கணக்காகப் பார்க்கலாம். உள்ளங்கைக்குள் அடங்கும், பத்துச் சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள ஒரே ஒரு செடி வாரத்துக்கு ஒருமுறை இரட்டிக்கிறது என்று வையுங்கள். இருபது வாரத்தில் அது 26 சென்ட் நிலத்தை மூடும். இன்னும் ஐந்து வாரம் விட்டால் எட்டு ஏக்கர். வாரம் என்பதே தாராளம். வேண்டிய சத்தும் சூடும் கிடைத்தால் இரண்டே கால் நாளில் இரட்டிப்பதாக ஆய்வகத்தில் அளந்திருக்கிறார்கள். வேளி உப்பும் நன்னீரும் கலக்கிற காயல். பொழி (கழிமுக மணல்திட்டு) உடைந்து கடல்நீர் ஏறினால் இந்தச் செடி மடிந்துவிடும், உப்பு இதற்கு ஆகாது. ஆனால் உள்நாட்டுத் தோடுகளுக்கும் (வாய்க்கால்களுக்கும்) வயல்களுக்கும் அந்தக் காவல் இல்லை. 1964 வாக்கில் கேரளத்தில் அது களையாக உருவெடுத்துவிட்டது. குட்டநாட்டில் வள்ளம் போகிற தோடுகள் அடைந்தன, மீன்பிடி நின்றது, நாற்று நடும் முன் வயலிலிருந்து பாயலை வாரிக் கொட்டுவதே தனிக் கூலியாயிற்று.

பெயரில் ஆப்பிரிக்கா எப்படி வந்தது? ஜாம்பெசி ஆற்றில் கரீபா அணை 1958-ல் மூடப்பட்டதும், நிரம்பிக்கொண்டிருந்த அந்தப் பிரம்மாண்டமான ஏரியில் இதே செடி சில வருஷங்களில் ஆயிரம் சதுர கிலோமீட்டரைப் பிடித்தது. உலகச் செய்தியானது. செடி ஆப்பிரிக்காவைச் சேர்ந்ததே அல்ல. ஆனால் அது எந்த ஊர்ச் செடி என்று அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது. தென்னமெரிக்காவின் இன்னொரு சால்வீனியா இனம் என்றே எண்ணியிருந்தார்கள். கரீபாவில் ஆராய்ந்த டேவிட் மிட்செல்தான் 1972-ல் இது தனி இனம் என்று சொல்லி, தொல்லை என்று பொருள்படும் மொலெஸ்டா என்ற பெயரை வைத்தார்.

பெயர் தப்பாக இருந்தது வெறும் ஏட்டுப் பிழையாக நிற்கவில்லை. ஒரு செடியை அடக்க அதன் பிறந்த ஊருக்குப் போய் அங்கே அதைத் தின்னும் பூச்சியைத் தேட வேண்டும். ஊர் தப்பு, அதனால் பூச்சியும் தப்பு. டிரினிடாடில் வேறு சால்வீனியாவிலிருந்து பொறுக்கிய பூச்சிகளை ஆப்பிரிக்காவில் விட்டார்கள், பெரிய பலனில்லை. 1974-ல் டிரினிடாடிலிருந்தே ஒரு சிறு வெட்டுக்கிளி திருவனந்தபுரத்துக்கும் வந்தது. வந்தது, வாழ்ந்தது, பாயல் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது. 1978-ல்தான் தென்கிழக்கு பிரேசிலில் மொலெஸ்டாவின் தாய்வீட்டை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அங்கே அதன்மேல் ஒரு கூன்வண்டு இருந்தது. கறுப்பு, இரண்டே மில்லிமீட்டர். பார்வைக்கு, டிரினிடாடில் பொறுக்கிய பூச்சிகளில் ஒன்றான வண்டுபோலவே இருந்ததால் முதலில் அதுவே என்று நினைத்தார்கள். அதுவும் தனி இனம் என்று 1985-ல்தான் தெளிவாயிற்று. பெயர் சிர்ட்டோபேகஸ் சால்வீனியே. வளர்ந்த வண்டு மொட்டைத் தின்னும், புழு தண்டுக்குள் சுரங்கம் வெட்டும். மொட்டு போனால் துண்டு பெருகாது, தண்டு போனால் பாயல் பழுப்பாகி மூழ்கும்.

1980 ஜூனில் குவீன்ஸ்லாந்தின் மூன்டரா ஏரியில் விட்டார்கள். ஓராண்டு சொச்சத்தில் ஏரியை அடைத்திருந்த பாயல் போயே போய்விட்டது. அடுத்து பாப்புவா நியூகினியின் செப்பிக் ஆறு. 250 சதுர கிலோமீட்டர் பாயல், கிராமங்கள் படகு விட முடியாமல் காலியாகிக்கொண்டிருந்தன. அங்கே விட்ட வண்டு முதலில் பிடிக்கவில்லை.

ஏன் என்பதுதான் இந்தக் கதையிலேயே எனக்குப் பிடித்த இடம். செப்பிக் நீரில் தழைச்சத்து குறைவு. பாயல் வெளிறிப்போய், ஆனால் பரப்பில் மட்டும் குறையாமல் கிடந்தது. அதில் நைட்ரஜன் இல்லை என்றால் அதைத் தின்னும் வண்டுக்கும் புரதம் இல்லை. முட்டையிட முடியாமல் வண்டுகள் அற்றுப்போயின. எனவே ஆய்வாளர்கள் பாயலின் ஒரு பகுதியை மறித்து, அதன்மேல் யூரியா தூவினார்கள். ஒழிக்க வந்த களைக்கு உரம்! பாயல் கரும்பச்சையாயிற்று, வண்டு பெருகியது. பெருகியபின் வண்டு கடித்த செடிகளில் எஞ்சிய மொட்டுகளுக்குச் சத்து கூடுதலாகக் கிடைத்ததால் யூரியா இல்லாமலே ஓட்டம் தொடர்ந்தது. 1985-க்குள் 250 சதுர கிலோமீட்டர் இரண்டே சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. அந்த ஆண்டு யுனெஸ்கோவின் அறிவியல் பரிசு இந்த ஆஸ்திரேலியக் குழுவுக்குப் போனது.

வண்டு ஆஸ்திரேலியா வழியாக பெங்களூருக்கு 1982-ல் வந்தது. அங்கே ஓர் அல்லிக்குளத்தில் வெள்ளோட்டம், பதினோரு மாதத்தில் குளம் தெளிந்தது. பிறகு கேரள வேளாண் பல்கலைக்கழகம் திருச்சூரிலிருந்து அதை வளர்த்துப் பரப்பியது. மூன்று வருஷத்தில் கைவிட்ட தோடுகளில் மறுபடி வள்ளம் போயிற்று. நெல்வயலில் பாயலை வாரி எடுக்க ஹெக்டேருக்கு 235 ரூபாய் செலவாகிக்கொண்டிருந்தது, அந்தக் கூலி மட்டுமே ஆண்டுக்கு 68 லட்சம் ரூபாய் மிச்சம் என்று 1988-ல் கணக்கிட்டார்கள். எதற்கும் போராட்டம் நடக்கும் கேரளத்தில், இரண்டு மில்லிமீட்டர் வண்டு சத்தமில்லாமல் ஒரு மாநிலக் களையை முடித்துவைத்தது. இன்றும் பாயல் அங்கங்கே உண்டு. அது இருக்கும் இடத்தில் வண்டும் இருக்கிறது. இரண்டும் ஒன்றை ஒன்று குறைத்துக்கொண்டு காலம் தள்ளுகின்றன.

காலியான இடம் காலியாகவே இருந்துவிடவில்லை. பல நீர்நிலைகளில் வெங்காயத்தாமரை வந்து உட்கார்ந்தது. வேளியின் இன்னொரு கை ஆக்குளம் காயல். நகரத்தின் கழிவையெல்லாம் சுமந்துகொண்டு ஆமையிழஞ்சான் தோடு அதில்தான் விழுகிறது. கழிவென்றால் நைட்ரஜன், பாஸ்பரஸ். நான் டப்பில் கிராம் கணக்கில் நிறுத்துப் போடுகிற அதே உரம் அங்கே இரவுபகலாக ஆறாக ஓடிவந்து சேருகிறது. யந்திரம் வைத்து வாருகிறார்கள். வாரி முடிக்கும் முன் வாரத் தொடங்கிய இடம் மூடிவிடுகிறது. வெங்காயத்தாமரைக்கும் கூன்வண்டுகள் உண்டு, இந்தியாவில் விட்டும் இருக்கிறார்கள். ஆனால் இவ்வளவு சோறு போடுகிற நீரில் வண்டு தின்பதைவிட வேகமாகச் செடி தளிர்க்கிறது. சோற்றை நிறுத்தாமல் சாப்பிட வருபவரை மட்டும் விரட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது என் எண்ணம். தோட்டைச் சுத்தம் செய்யும் செலவையும் காயலை வாரும் செலவையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தால் யாருக்கும் இது விளங்கும்.

சோறு மட்டும் போதாது. நன்னீர் மேலே நிற்கும்வரைதான் இந்தச் செடிகளின் ராஜ்யம் என்பதற்கு வடதுருவமே சாட்சி. 2004-ல் ஆர்க்டிக் கடலடியைத் துளைத்து எடுத்த மண்ணில் அடுக்கடுக்காக அசோலா வித்துகள் கிடைத்தன. சுமார் 4.9 கோடி ஆண்டுகளுக்கு முன், நாலாபுறமும் நிலம் சூழ்ந்திருந்த அந்தக் கடலின் உப்புநீர் மேல் ஆறுகளின் நன்னீர் ஒரு படலமாக நின்றபோது, அசோலா அதை மூடி எட்டு லட்சம் வருஷம் போல வாழ்ந்திருக்கிறது. சேச்சியின் கோழிகளுக்கு இதைச் சொல்லிப் பயனில்லை.

போன துலாவர்ஷத்தின்போது வலைத்துணி கட்டிய தொட்டியில் பாயல் ஓரமாகப் பழுக்கத் தொடங்கியது. உரம் குறைவு என்று முதலில் நினைத்தேன். ஆனால் வெளிறல் இல்லை. நடுமொட்டு மட்டும் கருகி, பக்கத்து இலைகளில் ஊசிமுனை அளவு ஓட்டைகள். தண்டை நகத்தால் பிளந்தால் உள்ளே கூடு. வெள்ளைத்தாளில் நாலு செடியை உதறினேன். மூன்றாவது செடியிலிருந்து எள்ளைவிடச் சின்னதாக ஏதோ விழுந்து, செத்ததுபோல் காலை மடக்கிக்கொண்டு கிடந்தது. தையல்காரர் லென்ஸை வைத்தேன். கறுப்பு. முன்னால் வளைந்த மூக்கு. பாலராமபுரம் வாய்க்காலிலிருந்து நான் எடுத்துவந்த கைப்பிடிக்குள்ளேயே ஒளிந்து வந்திருக்கிறது, அல்லது அதன் தாய் வந்திருக்கிறது.

தாளைச் சாய்த்து அதைத் தொட்டிக்குள் திரும்ப விட்டேன். அன்று சாயங்காலம், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் இடையே பிடிக்கிற அளவு யூரியாவைக் கரைத்து அதே தொட்டியில் ஊற்றினேன். "அதான் பழுத்துப்போச்சே, அதுக்கு எதுக்குலே ஒரம்?" என்று கேட்டாள் அம்மா, காய்ந்த துணிகளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டே.

"செடிக்கு இல்லம்மா" என்றேன்.